இரண்டு சாவித் துளைகள்

உயரம் ஐம்பத்திரண்டு அங்குலம், அகலம் பதினாறு,
ஆழம் பத்து. தகடு மூன்று மில்லிமீட்டர்.
"பீரோவாண்ணே?" என்றான் பட்டறைப் பையன்.
ஆமாம் என்றேன்.
நிற்க வைக்கத்தானே கேட்டிருக்கிறார்;
எதை என்பது அவனுக்கு எதற்கு.

ரைஸ்மில் ஐயாறப்பன்
நான் கேட்காமலே லைசென்ஸ் புத்தகத்தை விரித்துக் காட்டினார்.
இரட்டைக்குழல் ஒன்று.
அப்பா காலத்து ஒற்றைக்குழல் ஒன்று,
பன்றி விரட்ட வாங்கியது.
இதுவரை சுட்டதென்னவோ
வலங்கைமான் வானத்தைத்தான்.

"கதவு இருக்குன்னே தெரியக் கூடாது."

நெல் கொட்டும் அறையின் பின்சுவரைத் தட்டிப் பார்த்தேன்.
வெளியே பன்னிரண்டடி, உள்ளே பத்தரை என்றால்
கணக்குத் தெரிந்த திருடன் கண்டுபிடித்துவிடுவான்.
சாமி அலமாரிக்குப் பின்னால்
முதலில் அங்கேதான் கை வைப்பான்.
கடைசியில் வைத்த இடத்தை
இந்த வரியில் எழுத மாட்டேன்.
கூலி வாங்கியிருக்கிறேன்.

திருடனைவிட எனக்குப் பயம் தண்ணீர் மேல்.
குடமுருட்டியில் முறை வந்த மறுவாரம்
எங்கள் ஊர்ச் சுவர்களின் அடியில் உப்புப் பூக்கும்.
ஐப்பசியில் தீப்பெட்டிகூடப் பற்றாது.
ஒன்பது அங்குலக் கால் வைத்தேன்,
காலுக்கு ரப்பர்,
உள்ளே கம்பளித் துணி வேண்டாம், ஈரம் குடிக்கும் என்றேன்.
தோட்டாவுக்கு வேறு பெட்டி,
வேறு பூட்டு, வேறு அறை.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மாட்டி முடித்த அன்று
சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.
"இன்னொரு துளை போட முடியுமா?"

ஒன்று தொலைந்தால் இன்னொன்றா சார்?

"இல்ல. ரெண்டும் சேந்தாத்தான் தொறக்கணும்.
ஒண்ணு என் வீட்டுக்காரிகிட்ட இருக்கும்."

பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருவார்களோ என்று கேட்டேன்.
புருவத்தில் தவிட்டுத் தூசி.
துடைத்துக்கொள்ளவில்லை.

"போன வருஷம், அந்தப் புயலுக்கு அப்புறம் ஒரு ராத்திரி.
மில்லுல மோட்டாரெல்லாம் தண்ணியில,
பேங்க் கடுதாசி மேசையில.
பழைய பீரோ, சும்மா சாத்தித்தான் இருந்துச்சு.
கையெட்டுற தூரம்."

அவ்வளவுதான் சொன்னார்.
நாய் குரைத்ததோ, யாராவது விளக்குப் போட்டார்களோ,
நான் கேட்கவில்லை.
கறுப்புக் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டேன்,
பற்றவைக்க ஒன்றும் இல்லாதபோதே.

இரண்டாவது பூட்டுக்கு மூன்று நாள் பிடித்தது.
பில்லில் அதை எழுதவில்லை.

தையல்நாயகி டீச்சருக்கு நீடாமங்கலத்தில் பள்ளிக்கூடம்.
எட்டேகால் பஸ்.
சாப்பாட்டுப் பையில்,
சிவப்பு மைப் பேனாக்களுக்கு நடுவில் ஒரு சாவி.
அந்த வீட்டுத் துப்பாக்கியில் பாதி
தினமும் டிக்கெட் எடுக்காமல் போய்
சாயங்காலம் திரும்பி வருகிறது.

தேர்தல் வந்தது.
இரண்டையும் ஸ்டேஷனில் ஒப்படைத்து
ரசீது வாங்கி வந்தார்.
பெட்டி காலி.
ஆனாலும் எட்டேகால் பஸ்ஸில் அந்தச் சாவி ஏறிக்கொண்டுதான் இருந்தது.
பழக்கமா என்றேன் டீச்சரிடம், ஆணி வாங்க வந்தபோது.
"காலிதான். ஆனா காலின்னு தெரியறதுக்கும்
தொறந்து பாக்கணுமில்ல" என்றார்.
எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும்.

ஓட்டு எண்ணி முடித்துத் துப்பாக்கிகள் திரும்பிய அன்று
கீல் பார்க்கக் கூப்பிட்டார்கள்.
அவர் ஒரு துளையில்,
பஸ்ஸிலிருந்து இறங்கிய வேர்வையோடு டீச்சர் இன்னொன்றில்.
யாரும் ஒன்று, இரண்டு எண்ணவில்லை;
கைகள் தாமாக ஒரே நேரத்தில் திரும்பின.

கதவு கரகரத்தது.
எண்ணெய்க் குப்பி என் சட்டைப் பையிலேயே இருந்தது.
"இது இப்படித்தான் சார் இருக்கும், தகடு கனம்" என்று
கூசாமல் சொல்லிவிட்டு வந்தேன்.

கொஞ்சம் கத்தட்டும்.
ராத்திரியில் அடுத்த அறைக்குக் கேட்கும்.