இருபத்துநாலில் ஒன்று

பகலில் பல் கட்டுகிறேன்
லாங்மார்க்கெட் தெருவில்.
பெயர் மாறிப் பல வருஷம்,
வாய்க்கு இன்னும் பழகவில்லை.
யாரோ கடித்துக் கொடுத்த மெழுகில்
அவருடைய சிரிப்பைத் தேடும் வேலை.

இரவில், நார்த்டேலில்,
சாப்பாட்டு மேசையின் பாதியில் எஞ்சின்.
மறுபாதியில் பூபாலனின் தட்டு.
"உப்பு எங்கே?" என்பார்.
பாய்லருக்குப் பின்னால் என்பேன்.

அளவு, இருபத்துநாலில் ஒன்று.
ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம்.
எனக்குக் கிடைப்பதும் அவ்வளவுதான்.

ஆதாரம் ஒரே ஒரு படம்:
டர்பன் யார்டில் நிற்கும் ஷண்டிங் எஞ்சின்,
உச்சி வெயில்.
லென்ஸ் வைத்து ரிவெட் எண்ணினேன்.
தண்ணீர்த் தொட்டியில் மட்டும் இருநூற்றுப் பதினாறு.
பித்தளைத் தகட்டின் முதுகில் ஊசி வைத்து
ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
நூற்றுத் தொண்ணூறில் ஒரு தும்மல்.
தகடு போயிற்று.
மறுபடி ஒன்றிலிருந்து.

பல்லுக்குச் செய்கிற மாதிரியே
மெழுகில் செதுக்கி, சாந்தில் புதைத்து,
மெழுகை உருக்கி விரட்டி,
அது விட்டுப்போன இடத்தில் உலோகம் ஊற்றினேன்.
விசில். பிரேக் பிடி.
கொத்தமல்லி விதையளவு வால்வுச் சக்கரம்.
பெயின்டைச் சமையலறை அவனில் வைத்துச் சுட்டேன்;
ஒரு வாரம் பிரியாணியில் கறுப்பு எனாமல்.
பூபாலன் ஒன்றும் சொல்லவில்லை,
ஜன்னலைத் திறந்துவைத்துச் சாப்பிட்டார்.

கிளப்பிலிருந்து ஃபூரி வந்தார், பாய்லரைச் சோதிக்க.
இரட்டை அழுத்தம், இருபது நிமிஷம்.
ஒரு துளி கசியவில்லை.
"வெள்ளிப் பற்று வைத்தது யார்?" என்று
பூபாலனைப் பார்த்துக் கேட்டார்.
அவர் வாய் நிறையச் சமோசாவோடு
என்னைக் காட்டினார்.

படத்தின் இடது ஓரத்தில் ஒரு கை.
கையில் மண்வாரி, மண்வாரியில் நிலக்கரி.
முழங்கையோடு படம் முடிந்துவிடுகிறது.
டிரைவருக்கோ மீசை நுனிவரை தெரிகிறது.
அந்த இருக்கையில் எங்கள் ஆட்களை
உட்காரவிடாத காலம்.
டிரைவரைச் செய்வது சுலபம்.
ஈறு செய்கிற ரோஜா நிற அக்ரிலிக்
லேபில் டப்பா டப்பாவாக இருக்கிறது.
அரை மணியில் முடித்தேன்.

கைக்காரருக்கு ஆறு வாரம்.
மண்வாரியின் சாய்விலிருந்து பாரத்தைப் பிடித்தேன்,
பாரத்திலிருந்து முதுகை,
முதுகிலிருந்து கழுத்தை.
முகத்துக்குக் கணக்கு வரவில்லை.
தெரிந்த வழிக்கே வந்தேன்,
பல்லிலிருந்து ஆரம்பித்தேன்.
மேல்வரிசையில் ஒன்று கொஞ்சம் முன்தள்ளி.
அதை மூடப் பழகிய உதடு.
அந்த உதட்டுக்கு ஒரு தாடை.
ஒரு பல் அரை மில்லிமீட்டர்கூட இல்லை,
யாருக்குத் தெரியப்போகிறது?
வாயை மூடிவிட்டேன்.
உள்ளே இருக்கின்றன.

நேற்று நாலாம் கட்ட மின்வெட்டு.
தெருவே இருட்டு; எங்கள் மேசையில் மட்டும்
ஸ்பிரிட் விளக்கின் நீலம்.
எதையும் இருபத்துநாலால் வகுத்துவிடலாம்,
தீயை முடியாது, தண்ணீரையும்.
சொட்டு சொட்டுதான், சூடு சூடுதான்.
ஊசி நகர்ந்தது. ரெகுலேட்டரைத் திறந்தேன்.
ஓடவில்லை.
சிலிண்டரில் குளிர்ந்து கிடந்த நீரைப்
புகைபோக்கி வழியாகத் துப்பியது,
மேசைவிரிப்பில், பூபாலனின் பருப்பில்.
விரலால் தள்ளினேன்.
இன்னொரு முறை தள்ளினேன்.
மூன்றாவது முறை விரல் அங்கேயே நின்றது,
அது போய்விட்டது,
ஒன்றரை மீட்டர்,
ஊறுகாய்ப் புட்டி வரை.

சூட்டில் பசை இளகி
டிரைவர் கேபினுக்குள் சாய்ந்து கிடந்தார்.
கைக்காரர் எஞ்சினில் இல்லை.
தண்டவாளத்துக்கு இடப்புறம்,
நிஜக் கரியை நுணுக்கிப் போட்ட குவியல் பக்கத்தில்
நிற்கிறார்.

கரண்ட் வந்ததும்
பூபாலன் போனைத் தூக்கிப் படம் எடுக்க வந்தார்.
கொஞ்சம் இடது பக்கம் என்றேன்.
இன்னும் கொஞ்சம்.
எஞ்சின் வெட்டுப்படுகிறதே என்றார்.
படட்டும் என்றேன்.