நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு

கல்லடியில் பாமசிக்கு மேல்மாடி.
இடது பக்கம் பத்துக் கதிரை ஒரு நாட்டுக்கு.
வலது பக்கம் பத்துக் கதிரை மற்ற நாட்டுக்கு.
நடுவில் ஒரு வாளி,
ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்தது.
எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத தண்ணீர்
அதில் சொட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே டெரன்ஸ்தான் மேற்பார்வை.
ஒரு பக்கத்தார் திரையை மறுபக்கத்தார் பார்க்கக் கூடாதென்று
இரண்டு ஒப்பந்தத்திலும் ஒரே வசனம்,
ஒரே எழுத்துப் பிழை:
இரகசியத்தில் 'க' இல்லை.

மின்சாரம் போனால்
கீழே பாமசிக்காரரின் ஜெனரேற்றர்
இரண்டு வல்லரசையும் ஒரே வயரில் இழுத்துக்கொண்டு ஓடும்.
அதிலும்
ஊசிமருந்துக் குளிர்பெட்டிக்குத்தான் முதல் உரிமை.

வெள்ளிக்கிழமை பேப்பரில் போட்டிருந்தார்கள்:
செயற்கை அறிவுப் பந்தயத்தில்
அவர்கள் ஆறு மாதம் முன்னுக்காம்.
ஸிம்ரா கொத்துரொட்டிப் பார்சலை
அந்தச் செய்தியின் மேலேயே பிரித்து வைத்தாள்.
"அப்ப எங்கட பக்கம்தான் வெல்லுது."
"போன கிழமை நாங்கதானே?"
அவள் வலது, நான் இடது.
சாப்பிட்டு முடிய எண்ணெய் ஊறி
ஆறு மாதமா அறுபது மாதமா என்று
வாசிக்க முடியாமல் போயிற்று.

படம் ஒன்றுக்கு ஆறு ரூபா.
வீதி, வாகனம், மரம், மனிதன்
எல்லாவற்றையும் பெட்டி கட்டிக் காட்ட வேண்டும்.
மறுகா இயந்திரம் தானாகவே கண்டுகொள்ளும்.
அதற்குக் கண் வைக்கிறோம் என்பார் டெரன்ஸ்.
கண் வைத்தால்
கண்ணூறு படாதா சேர், என்று கேட்டவள் ஸிம்ராதான்.

நேற்று இரவு
வானத்திலிருந்து எடுத்த படங்கள் வந்தன.
ஊர்ப் பெயர் கிடையாது, எண் மட்டும்.
நாலாயிரத்துச் சொச்சமாவது படத்தில்
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி,
இடையில் நாக்குப்போல மணல்,
நாக்கு நுனியில் முகத்துவாரம்.

ஜன்னலைத் திறந்தால் தெரிகிற இடத்தை
எழுநூறு கிலோமீற்றர் மேலே போய்நின்று பார்த்தேன்.

நாவலடி.

தெரிவுகள் ஐந்து:
கட்டடம், வீதி, நீர், தாவரம், வெற்று நிலம்.

சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம்.
எங்கள் வீட்டு அத்திவாரம்.
அகலம் மூன்று புள்ளி,
குசினியைச் சேர்த்தால் நாலு.
அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஐந்து வயது,
கிரானில் பெரியம்மா வீட்டில் நின்றேன்.
நின்றதால் இந்தக் கதிரையில் இருக்கிறேன்.

கட்டடம் என்று பெட்டி கட்டினேன்.
பிழை என்றது திரை.
சரியான விடை: வெற்று நிலம்.
எங்களைச் சோதிப்பதற்கென்று
யாரோ எங்கிருந்தோ
முன்கூட்டியே விடை எழுதிவைத்த படம் அது.
தொண்ணூற்றெட்டாயிருந்த என் புள்ளி
தொண்ணூற்றேழானது.
தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால்
கதிரை இல்லை.

ஒப்பந்தத்தை மீறி
வாளிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.
ஸிம்ராவின் திரையிலும் அதே நாக்கு, அதே மணல்.
வேறு செய்மதி, வேறு நாள்,
ஓரத்தில் கொஞ்சம் முகில்.
அவளுக்கும் அதே ஐந்து தெரிவு.
விரலை எலியின்மேல் வைத்துக்கொண்டு
"இதென்னகா, கஜானி?" என்றாள்.

அவளுடைய பிள்ளைக்குப் பால்மா முடிந்துவிட்டதென்று
பின்னேரம் சொல்லியிருந்தாள்.

வெற்று நிலமெண்டு போடு, என்றேன்.

போட்டாள்.
பந்தயம் தொடங்கிய நாளிலிருந்து
ஒன்றிலும் ஒத்துப்போகாத இரண்டு நாடுகள்
விடிய இரண்டு மணிக்கு
எங்கள் வளவில் ஒத்துப்போயின.

டெரன்ஸ் வந்து
வாளி நிரம்பிவிட்டது, இன்றைக்கு எந்தப் பக்கத்து முறை என்றார்.
ஒருவரும் எழும்பவில்லை.

எனக்கு அடுத்த படம் வந்தது.
அதே வளவின் தெற்கு மூலை,
கட்டோடு எங்கள் கிணறு, ஒரு கறுத்தப் புள்ளி.
கிணற்றுக்குத் தெரிவு இல்லை.
அலைக்குப் பிறகு ஒருவரும் வாயில் வைக்காத
அந்த உப்பை
நீர் என்று போட்டேன்.

சரியாம்.