ஒலி, தாழ்ந்தவை, காரணம் தெரியாதவை

ஓவுலு நகரில் நவம்பர்.
மூன்று மணிக்கே பகல் கடையை மூடிவிடுகிறது.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் என் முறை முடித்து
காலணியின் பனியைத் தட்டிவிட்டு
கணினியைத் திறக்கிறேன்.
ஞாயிறுதோறும் இணைப்புகளை எண்ண வேண்டும்,
எத்தனை உயிரோடு, எத்தனை செத்து என்று.

இணைய அடைவு என்றாலே
என் மகன் வேசாவுக்குச் சிரிப்பு.
"தொலைபேசிப் புத்தகத்தை இன்னுமா மனப்பாடம் செய்கிறாய்?"
அவன் சொல்வதில் பிழையில்லை.
எண்பது பேர் இருந்தோம் ஒரு காலத்தில்,
ஆளுக்கொரு கிளை, ஆளுக்கொரு பிடிவாதம்.
பாசிகளைப் பார்த்துக்கொண்ட ஒய்வா
பதிலெழுதுவதை நிறுத்தினாள்.
நீராவிக் கப்பல்காரர் இறந்துபோனதை
அவருடைய இணைப்புகள் இறந்ததை வைத்துத்தான் அறிந்தோம்.
இப்போது ஆறு பேர்.
எனக்கு வாய்த்தது இந்த மூலை:
ஒலி, அதனுள் தாழ்ந்தவை,
அதனுள் காரணம் தெரியாதவை.
பதினொரு இணைப்புகள். நான்கு செத்தவை.

சேர்த்துக்கொள்ளச் சொல்லி வருபவையெல்லாம் சூதாட்டக்கூடம்.
'தாழ்ந்த வட்டிக்குக் கடன்' என்று ஒருவன் எழுதியிருந்தான்,
தாழ்ந்த என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு.
நீக்கினேன். சிரிக்கவும் செய்தேன்.

உண்மையைச் சொன்னால்
நானே தேடுபொறியில்தான் தேடுகிறேன்.
பேருந்து நேரம், முட்டிவலிக்கு மருந்து,
வேசாவின் கம்பெனி திவாலாகுமா என்பது வரை.
பாதிக் கேள்வியிலேயே பதில் வந்து நிற்கும்,
பசிக்குமுன் தட்டை நீட்டுகிறவனைப்போல.
என் பதினொன்றைத் தேடி எவர் வருவார்?
கிணற்றில் போட்ட கல்.

சென்ற வாரம் ஒரு கடிதம்.
கெமியிலிருந்து, தைஸ்தோ ரந்தகாரி, லாரி ஓட்டுகிறவர்.
எழுத்துப் பிழைகளோடு நீளமாய் எழுதியிருந்தார்:
இரவு மூன்று மணிக்குச் சுவருக்குள் ஏதோ முனகுகிறதாம்.
தூரத்தில் லாரி ஒன்று நின்றபடியே ஓடுவதுபோல.
ஆனால் லாரி இல்லை, அவருக்குத் தெரியாதா?
மனைவிக்குக் கேட்கவில்லை. நாய்க்கும் கேட்கவில்லை.
முனகல் என்று தேடினார்:
குழந்தைக்கு என்ன கொடுக்கலாம் என்றது.
ரீங்காரம் என்று தேடினார்:
தேன் விற்றது.
இரைச்சல்: காது மருத்துவர் மூவர்,
இரைச்சலடக்கும் ஹெட்போன், இன்று மட்டும் பாதி விலை.
அப்புறம் ஒரு வாரம்
திறந்த இடமெல்லாம் ஹெட்போன்.

ஊமை கண்ட கனவை
எந்தச் சொல்லில் தட்டுவது?
அந்தப் பெட்டி பெயரைக் கேட்கிறது.
பெயர் தெரிந்திருந்தால்
பாதி நோய் போயிருக்குமே.

அடைவில் பெயர் கேட்பாரில்லை.
ஒலியா? ஆமாம். இறங்கினார்.
உயர்ந்ததா, தாழ்ந்ததா? தாழ்ந்தது. இறங்கினார்.
இயந்திரம், விலங்கு, கடல்,
காரணம் தெரியாதவை.
அந்த வரியைப் பார்த்தபடி
லாரிகள் நிற்குமிடத்தில், காபி ஆறும்வரை
அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.
"என்னுடையதற்கும் ஒரு அறை இருக்கிறது."
கடிதத்தில் பிழையில்லாத ஒரே வாக்கியம்.

முதல் இணைப்பு செத்தது. இரண்டாவது ஜப்பானியம்.
ஆறாவதில் குவோப்பியோக்காரி ஒருத்தி
ஒன்பது வருடமாய்க் குறித்துவைத்திருக்கிறாள்:
மூன்று ஐந்து. மூன்று பன்னிரண்டு.
இன்று இல்லை. மூன்று ஏழு.
இருவரும் இப்போது போனில் பேசுகிறார்கள்.
ஒலி நிற்கவில்லை.
எதிலிருந்து வருகிறதென்று
அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பதில் எழுதினேன்.
செத்த இணைப்புக்கு மன்னிப்புக் கேட்டு,
கடைசியில் இதையும் கேட்டேன்:
எங்கள் அடைவு உங்கள் கண்ணில் எப்படிப் பட்டது?

உடனே வந்தது பதில்.
தேடுபொறியில்தான். பதினேழாம் பக்கம்.
தூக்கம் வரவில்லை, அதனால் போய்க்கொண்டே இருந்தேன்.

வேசாவிடம் சொல்வதா வேண்டாமா,
இன்னும் முடிவெடுக்கவில்லை.
இன்று ஞாயிறு. ஐந்தாவதும் செத்திருக்கிறது.
குறித்துவைத்துவிட்டு, விளக்கை அணைத்து
கொஞ்ச நேரம் சும்மா கேட்டுப் பார்த்தேன்.
குளிர்பதனப் பெட்டி.
அது நின்றபின்
வேறொன்றுமில்லை என்றுதான் நினைக்கிறேன்.