பூவரசங் கம்பு

எழுதிக்கிடுங்க ரைட்டர் சார்.
பேரு மாசில்லாமணி. அப்பன் பேரு வேதக்கண்.
ஊரு புத்தளம், உப்பளத்துக்கு மேக்கே.
எலெக்‌ஷன் வந்தா நானும் வருவேன்,
இந்தத் தோள்ச்சுமையை ஒப்படைச்சு
ரசீது வாங்கீட்டுப் போவேன்.
இது இருபத்தியோராவது ரசீது.

வகை: பம்ப் ஆக்‌ஷன். பன்னிரண்டு போர். ஒற்றைக் குழல்.
வேலைப்பாடு ஒண்ணும் கெடையாது, தேடாதீங்க.
கட்டை வெடிச்ச எடத்துல செம்புக் கம்பி சுத்தினது நான்தான்.

வேலைப்பாடு பாக்கணும்னா
எஸ்டேட் பத்மநாபன் தம்பிக்க துப்பாக்கியைப் பாத்திருக்கணும்.
ரெட்டைக் குழல். சீமைச் சாமான்.
வெள்ளித் தகட்டுல ரெண்டு வாத்து பறக்கும்,
எறகு எறகா எண்ணலாம்.
வள்ளத்துல அதுக்கொரு மெத்தை,
மழை தூறினா அதுக்கொரு குடை,
குடை புடிக்க ஒரு ஆளு.
அந்தத் தகட்டு வாத்துக காலுல
ஒருநாளும் சேறு பட்டதில்ல.

எனக்க துப்பாக்கி மணக்குடிக் காயல்ல ரெண்டு தடவை முங்கினது.
லூர்தையா காலால தொழாவி எடுத்துத் தந்தான்.
ஒரே திருகு. கழத்தி, நல்ல தண்ணியில கழுவி,
தேங்காயெண்ணெய் ரெண்டு சொட்டு.
விடியதுக்குள்ள ரெடி.
மழையில வேலை செய்யாத பண்டத்தை
கலியாணத்துக்குக் கொண்டு போலாம்,
காயலுக்கு எதுக்கு?

இடக் கை பின்னுக்கு இழுக்கும், முன்னுக்குத் தள்ளும்.
சரக், சரக்.
கண்ணு பறவையை விட்டு எறங்காண்டாம்.
தம்பி குனிஞ்சு, குழலை மடக்கி, தோட்டா தேடிப் போட்டு
நிமிந்து பாக்கும்போ
வானம் காலியாக் கெடக்கும்.
அந்நேரத்து அவரு முகத்தையும்
வெள்ளியில செதுக்கியிருக்கலாம்.

ஆட்டாதீங்க சார்.
ஆமா, உள்ள கடகடங்கும். ஒடைஞ்சதில்ல.
பூவரசங் கம்பு. நான் வெட்டிப் போட்டது.
அதையும் எழுதணுமா?

அஞ்சு தோட்டா கொள்ளும் இதுல.
ஒரு மார்கழி, கருக்கல்.
ஈரப் பாயை உதறின சத்தத்தோட
கிளுவை மொத்தமா எறங்கிச்சு.
அஞ்சும் விட்டேன்.
கை தானா இழுத்துது, தானா தள்ளிச்சு,
காலியானப்பொறவும் ரெண்டு தடவை இழுத்தேன்.
இருபத்திமூணு விழுந்துது. எண்ணினது லூர்தையா.
வத்தம் பொழிமுகம் வழியா கடலுக்கு ஓடுது.
எங்களுக்குக் கிட்டினது ஒம்பது.
மீதி மெதந்து போச்சு.
அதுல சிலது தலையைத் தூக்கிப்
பாத்துகிட்டே போச்சு.
லூர்தையா துடுப்பை மடியில வெச்சுகிட்டான்.
கரை வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல.
ஒம்பதையும் அவனுக்கு நீட்டினேன். வாங்கல்ல.

மறுநாள்தான் கம்பு வெட்டினேன்.
இப்போ குழாயில ரெண்டு, வாயில ஒண்ணு, அவ்வளவுதான் கொள்ளும்.
ஒண்ணு சோத்துக்கு.
அது தப்பினா இன்னொண்ணு.
மூணாவது, சிறகொடிஞ்சு சம்பைக்குள்ள பூந்ததுக்கு,
ராவெல்லாம் கெடந்து அது சாகாண்டாம்னு.
தம்பிக்க ரெட்டைக் குழல்ல அந்த மூணாவது கெடையாது, பாத்துக்கிடுங்க.
நாலாவது கொதிக்கு.

சட்டம் வந்தப்பொறவு ஒண்ணும் சுடல்ல.
பின்ன எதுக்குவே வெச்சிருக்கீருன்னு
போன தடவை இருந்த ரைட்டரும் கேட்டாரு.
தை மாசம் தேரூர் குளத்துக்கரையில
சைக்கிளை நிப்பாட்டி நிப்பேன்.
பறவை எழும்பும்போ இடக் கை
தானா பின்னுக்குப் போவும்.
அதுக்கு என்ன செக்‌ஷன்னு எனக்குத் தெரியாது.

தோட்டா: இல்லை.
கம்பு: ஒண்ணு. எழுதீட்டீங்களா?
குழலுக்குள்ள துணி திணிக்காதீங்க, ஈரம் புடிக்கும்.
சொவரோட சாத்தி வையிங்க, வாயி தரையைப் பாக்க.
எங்க கையெழுத்து?