விமானி இடப்பக்கம் பார்க்கிறார்

பதினேழு வருடமாகப் பள்ளிப் பேருந்தை
நேர்க்கோட்டில் ஓட்டுகிறவள் நான்.
சஸ்காச்சுவானில் சாலைகள் வளைவதில்லை.
பனி மூடிக் கோடு அழிந்தாலும்
கிழக்கு என்றால் கிழக்குதான்.

இந்த மூன்று கிலோ ஹரிக்கேனை
முப்பது அடி நேராக ஓடவைக்க
ஒரு கோடை போதவில்லை எனக்கு.

த்ராட்டிலைத் திறந்ததும் இடப்பக்கம் இழுக்கும்,
கொட்டகையைக் கண்டுவிட்ட மாடு மாதிரி.
விசிறி சுழல்வதால் வரும் கோணல் அது என்றாள் ஆர்டிஸ்.
ஹார்டுவேர் கடையில் பசை விற்பவள்.
அவளுடைய தண்டர்போல்ட் அப்போது
இரண்டு துண்டாக அவள் கக்கத்தில் இருந்தது.

"இடது கட்டைவிரலை வலப்பக்கம் தள்ளு.
விலகின பிறகு அல்ல,
விலகப்போகும்போது."
விலகப்போவது எப்போது என்று கேட்டேன்.
ஆர்டிஸ் தன் துண்டுகளைப் பார்த்தாள்.

முதல் விசிறி உடைந்தது மே மாதம்.
நான்காவது, ஜூலையில்,
அனடோல் ஹ்ரிஷ்கோவின் கனோலா வயலுக்குள்.
இடுப்பளவு மஞ்சள்.
உள்ளே போகாதே என்று அவர் சொல்லவில்லை.
போன தடத்திலேயே திரும்பி வா என்றார்.
விமானம் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.
விமானியின் தலைக்கு ஒரு மணி நேரம்.

நகக்கண் அளவுத் தலை.
தோல் தொப்பி, கண்ணாடி,
நானே வரைந்துவிட்ட மீசை.
இரவு சமையலறை மேசையில் ஒட்டினேன்.
நிமிர்த்துவதற்குள் எபாக்ஸி இறுகிவிட்டது.
அன்றிலிருந்து அவர் இடப்பக்கம் பார்க்கிறார்.
எந்தப் பக்கம் இழுக்கும் என்று
இப்போது எங்களில் ஒருவருக்காவது தெரியும்.

இறக்குவது வேறு பாடம்.
என்னை நோக்கி வரும்போது
அதன் வலது எனக்கு இடது.
யோசிக்க நேரமில்லை;
தாழ்கிற இறக்கைக்கு அடியில்
குச்சியை முட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.
மெதுவாக வந்தால் நல்லது என்று நினைத்தேன்.
மெதுவாக வந்தது.
சொல்லாமல் கொள்ளாமல் ஒரு இறக்கை சாய்ந்தது.
பயந்தால் இழுக்கத் தோன்றும்.
இழுத்தால் விழும்.
ஆறு, ஏழு, எட்டு.

நாங்கள் பறக்கவிடும் கான்கிரீட்
போர்க்காலத்துப் பயிற்சித் தளம்.
விரிசல்களில் புல், சில இடத்தில் எறும்பு.
பத்தொன்பது வயதுப் பையன்கள்
இதையேதான் இங்கே படித்தார்கள்,
உள்ளே உட்கார்ந்துகொண்டு.
ஊர்க் கல்லறையில் அவர்களுக்கென்று ஒரு வரிசை,
எல்லாம் ஒரே உயர வெள்ளைக் கல்.
என் பேருந்து தினம் இரண்டு தடவை அதைக் கடக்கும்.
இந்த வருடம் நான் வாங்கிய விசிறி ஒன்பது.

செப்டம்பர், அறுவடை முடிந்த சாயங்காலம்.
காற்று மேற்கிலிருந்து, பெயருக்கு.
காப்பி எடுக்க ஆர்டிஸ் வண்டிக்குப் போயிருந்தாள்.
த்ராட்டிலைத் திறந்தேன்.
கட்டைவிரல் என்னைக் கேட்காமல் போனது.
வால் எழுந்தது,
கான்கிரீட்டின் நடுக்கோட்டைத் தைத்துக்கொண்டே ஓடி
ஹரிக்கேன் ஏறியது.

இரண்டு சுற்று.
பிறகு கொஞ்சம் விசையை விட்டுவைத்தபடி
தாள்கட்டைகளின் மேல் தாழ்ந்து வந்து
முன்சக்கரம் இரண்டும் தொட்டன.
ஒரு குட்டித் துள்ளல்.
ஒன்றும் செய்யவில்லை நான்.
ஒன்றும் செய்யாமலிருக்க
தோள்பட்டை வரை வலித்தது.
மறுபடி தொட்டது.
வால் தானாக உட்கார்ந்தது.
நின்ற பிறகும் வெகுநேரம்
நான் வலப்பக்கமே தள்ளிக்கொண்டிருந்தேன்.

இரண்டு காப்பியோடு வந்த ஆர்டிஸ்,
"பார்க்கவில்லையே,
எங்கே, இன்னொரு தடவை" என்றாள்.
பேட்டரியில் ஒரு சுற்றுக்கு மிச்சம் இருந்தது.

பத்தாவது விசிறி.

தலை மட்டும் இந்தத் தடவை கழலவில்லை.
தாள்கட்டைகளுக்கு நடுவில் தலைகீழாகத் தொங்கியபடி
அவர் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.