ஒன்பது இலக்கங்களின் சொந்தக்காரிக்கு

உன் பெயர் எனக்குத் தெரியாது.
சொல்ல மாட்டோம் என்றார்கள், சரிதான்.
பெண் குழந்தை, வயது ஆறு, ஐடஹோ பக்கம்:
அதிகாரி வாய்தவறி விட்டது இவ்வளவே.
நான் வில்மா டிரெஸ்கோ. டொலீடோ நகரம்,
முதியோர் விடுதியின் சலவை அறையில் இரவு வேலை.
பதினோரு மாதம்
நான் நீயாக இருந்தேன்.

பித்தப்பையில் கல் வந்த வருடம் தொடங்கியது.
கல்லை எடுத்தார்கள். பில்லை எடுக்கவில்லை.
நானூற்றுத் தொண்ணூற்றொன்று என் கிரெடிட் ஸ்கோர்.
பள்ளியில்கூட என்னை யாரும்
இவ்வளவு துல்லியமாகத் தோற்கடித்ததில்லை.
காரின் ஹீட்டர் செத்து இரண்டு குளிர்காலம்.
கண்ணாடியில் உள்ளே படரும் பனியை
வங்கி அட்டையின் விளிம்பால் சுரண்டியபடி ஓட்டுவேன்.
அந்த அட்டை அப்போது வேறெதற்கும் உதவவில்லை.

நகம் அலங்கரிக்கும் கடைக்கும்
அடகுக் கடைக்கும் நடுவே ஒரு கதவு.
உள்ளே கீகன் லூபெக், மேஜையில் சின்னக் கொடி.
"சி.பி.என். கிரெடிட் பிரைவசி நம்பர்.
சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் கட்டத்தில்
இதை எழுதுங்கள். பழையதெல்லாம் மறைந்துவிடும்.
பெரிய பெரிய ஆட்கள் வைத்திருக்கிறார்கள்.
முழுக்க முழுக்கச் சட்டப்படி."

எண்ணூற்றைம்பது டாலர், மணியார்டர் மட்டும்.
ரசீது கேட்டேன், சிரித்தான்.
புது விலாசம் வேண்டும் என்றான், புது போன், புது மின்னஞ்சல்.
அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.
சட்டப்படியானதற்கு
எதற்கு ஒளிந்துகொள்ள இடம்?
எழவில்லை.
ஹீட்டரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாம்பல் நிற ப்யூக் வந்தது. சூடு வந்தது.
முதல் இரவு, வேலை முடிந்தும் இறங்காமல்
விரல்களைக் காற்றுத்துளையில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.
நீ அந்நேரம் உன் பெயரை எழுதப் பழகியிருப்பாய்,
ஏதோ ஓர் எழுத்தைத் திருப்பிப் போட்டு.
நான் உன் எண்ணைப் பிழையில்லாமல் எழுதினேன்.
நான்கு படிவங்களில்.

"அப்படி ஓர் எண்ணை அரசு யாருக்கும் தருவதில்லை," என்றாள்
எதிரே அமர்ந்த விசாரணை அதிகாரி.
"பிறகு இது யாருடையது?"
"குழந்தைகள். சிறைவாசிகள். இறந்தவர்கள்.
தன் கணக்கைத் திறந்து பார்க்காத
யாருடையதாவது."
கடன் படிவத்தில் பொய் எழுதியது தனிக் குற்றம்.
விற்றவனோடு முடியாது, எழுதிய கைக்கும் உண்டு.
ஏமாந்தேன் என்றேன்.
பாதி உண்மை. அதிகாரியும் பாதிதான் நம்பினாள்.

கீகனின் கதவில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.
ப்யூக்கை இழுத்துப் போனார்கள். அதன் கடன் போகவில்லை.
இரண்டு வருடக் கண்காணிப்பு.

செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில்
கடன் ஆலோசனை சொல்லும் ஒருவர் இருக்கிறார், இலவசமாக.
ரிப்போர்ட்டை அச்சிட்டு, பென்சிலால் கோடிழுத்து,
"இந்த மருத்துவ பில் இரண்டு முறை ஏறியிருக்கிறதே," என்றார்.
மறுத்து எழுதக் காசு வேண்டாம். தபால்தலை போதும்.
நீக்கினார்கள்.
உண்மையாகவே நான் கட்டத் தவறியவை
ஏழு வருடத்தில் தானாக உதிரும்,
அதற்குக் குறுக்கு வழி இல்லை என்றார்.
அவர் சொன்னதில் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.
உண்மையாக இருந்ததும் அதனால்தான் போலும்.

உன் அம்மாவுக்கு ஒரு வார்த்தை:
குழந்தை பெயரில் கணக்கிருக்கிறதா என்று
மூன்று நிறுவனங்களையும் கேட்கட்டும். பூட்டச் சொல்லட்டும்.
அதற்கும் கட்டணம் இல்லை.
பதினாறு வயது வரை அவளே பூட்டி வைக்கலாம்.
யாரும் தட்டாத கதவென்று நினைத்துத்தான்
நாங்கள் உள்ளே வருகிறோம்.

இதை உனக்கு அனுப்ப எனக்கு அனுமதி இல்லை.
விரிப்புகளை எண்ணி அடுக்கும்போது
உன் இலக்கங்கள் வரிசையாக வருகின்றன,
மறக்கச் சொன்னால் மறக்கிற விஷயமா அது?
மறந்தது என்னுடையதைத்தான்.
ஒவ்வொரு படிவத்துக்கும்
பையிலிருந்து அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு
ஒவ்வோர் இலக்கமாகப்
பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.