‘வில்’ வேண்டாம்

ஹல் நகரசபையில், வீடு பழுதுபார்க்கும் பிரிவில்,
தொலைபேசி எடுப்பவர்களின் திரை ஓரமெல்லாம்
ஒரு மஞ்சள் தாள்.
மேற்பார்வையாளர் கிளென்டாவின் சாய்ந்த கையெழுத்து:
வில் வேண்டாம். ஷுட் போதும்.

காரணம் கேட்டால் சிரிப்பாள்.
வில் என்றால் நாண் ஏறிவிட்டது என்று அர்த்தம்,
அம்பு போன திசையிலிருந்து புகார் வரும்.
ஷுட் அப்படியல்ல.
வரவேண்டியவர்தான், வந்துவிடுவார் போலத்தான்,
வராவிட்டால் இருக்கவே இருக்கிறது ஓர் அன்லெஸ்.

நெரிஸுக்கு இது ஏழாவது நவம்பர்.
குட் என்று ஒரு காலை முன்னால் வைப்பாள்,
பட் என்று அதே காலைப் பின்னால் எடுப்பாள்.
செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்ப முடியும்,
ஆனால் அது புதன்கிழமையாகவும் இருக்கலாம்,
பாகம் வந்து சேர்ந்திருந்தால்.
பொய் ஒன்றும் இல்லை இதில்.
உண்மையும் கோட்டைக் கழற்றாமல்தான் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டிலும் அதே நாக்குதானே.
கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று டெஸ்மண்ட் கேட்டபோது
‘செய்துகொள்ளலாம், ஆனால்’ என்றாள்.
அப்போது பார்த்து கெட்டில் கொதித்தது.
பதினோரு வருடம் ஆகிறது.
ஆனாலுக்குப் பின்னால் என்ன என்று
அவன் கேட்கவில்லை.

இன்று அழைத்தவர் பாஷ்லி, நான்காம் மாடி.
பாய்லர் நின்று ஆறு நாள்.
மனைவியைப் பற்றிச் சொன்னார்,
பால் கணக்குச் சொல்கிற குரலில்:
‘அவளால் பாதத்தை உணர முடியவில்லை,
அதைச் சொல்லவும் மாட்டேன் என்கிறாள்.’

கான்ட். அண்ட். வோன்ட்.
இஃப் இல்லை, ஆல்தோ இல்லை,
முடியாமைக்கும் மறுப்புக்கும் நடுவே
ஒற்றை அண்ட்,
இரண்டு கட்டிலுக்கு இடையில் போட்ட முக்காலி மாதிரி.

நெரிஸ் சொன்னாள்:
‘நாளைக்கு ஆள் வருவார்.
பாகத்தையும் கொண்டுவருவார்.’

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.
பழக்கப்பட்ட பட் எந்த நொடியும் வந்துவிடும் என்று
நாக்கு நுனியைத் திறந்தே வைத்திருந்தாள்.
வரவில்லை.
இரண்டு மேசை தள்ளி கிளென்டாவின் தலை நிமிர்ந்தது.
முற்றுப்புள்ளி இவ்வளவு குளிரும் என்று
யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆள் போனார்தான்.
பாகம் வேறு மாடலுக்கானது.
சனிக்கிழமை மத்தியானம்தான் ரேடியேட்டர் சூடேறியது.
பாஷ்லி ஒன்றும் சொல்லவில்லை.
கூல் என்ற ஊரிலிருந்து அவருடைய மகள் எழுதினாள்,
ஒன்றரைப் பக்கம், நீல மசி:
ஷி செட் ஹி வுட் கம்.

பாருங்கள்,
தமிழில் ‘வருவார் என்றாள்’ என்று எழுதினால்
சொன்ன சொல் சொன்னபடி நிற்கிறது.
ஆங்கிலத்தில் அடுத்தவர் வாய்க்குப் போனதும்
வில் சுருங்கி வுட் ஆகிவிடுகிறது.
யார் செய்த சதியும் இல்லை, இலக்கணம்.
வுட் வந்தாலோ
பட் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடும்.
ஷி செட் ஹி வுட், பட்.
அந்த ஒரே ஒரு தடவை நெரிஸ் விட்டுவைத்த இடத்தில்
அந்த மகள் அதை எழுதியிருந்தாள்.

‘ஷுட் என்று சொல்லியிருக்கலாமே’ என்றாள் கிளென்டா.
திட்டவில்லை. கடிதத்தை நான்காக மடித்தாள்.
‘சொல்லியிருக்கலாம்’ என்றாள் நெரிஸ்.
கிளென்டா மேலும் ஏதோ வரும் என்று பார்த்தாள்.
பிறகு தேநீர் எடுக்கப் போய்விட்டாள்.

மாலை, வாகன நிறுத்தத்தில்
டெஸ்மண்ட் கண்ணாடிப் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்,
காலாவதியான நூலக அட்டையால்.
‘வண்டி கிளம்பிவிட வேண்டும், ஆனால்’ என்றான்.

‘ஆனால்?’ என்றாள்.

அவன் கை நின்றது.
யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.
கண்ணாடியில் உள்ளங்கை அளவு தெளிந்திருந்தது,
அதன் வழியே ஸ்டியரிங் தெரிந்தது,
ஒரு பக்கம் மட்டும்.